முப்பத்தொன்றாவது துணி

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. காலை 11 மணி 40 நிமிடம். வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம். வானம் மூடி மூன்று மணி நேரமாகியும் ஒரு துளி விழவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் ஏசி இருபத்திரண்டு காட்டியது. அந்த நிமிடத்தில்தான் நான், "சார், ஒண்ணு கொறையுது" என்று சொன்னேன். அந்த மூன்று சொல்லுக்கு எனக்கு வேலை போயிற்று.

நேரம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்கலாம். நினைவில் இல்லை, நோட்டில் இருக்கிறது. தியேட்டர் சட்டையின் மேல் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். அப்படி நாற்பத்தொரு நோட்டுகள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. இருபத்தொன்பது வருடங்களில் அன்றைய ஆபரேஷன் எனக்கு 11,612ஆவது.

போன மாதம் அதே மருத்துவமனையிலிருந்து ஓர் இளம் டெக்னீசியன் போன் செய்தார்.

"இப்பம் எல்லாம் கம்பெனி பாக்கெட்டுல அஞ்சஞ்சா வருது சார். மிஷின் ஒண்ணு வாங்கியிருக்காங்க. பாக்கெட்ட அதுல காட்டுனா அதுவே எண்ணிக்கிடும். நாங்க எண்ண வேண்டாம்."

"மிஷின் எண்ணுனது சரியான்னு யாரு எண்ணுவா?"

அவர் சிரித்தார். "இதத்தான் சார் எங்க சங்க மலருக்கு எழுதித் தாங்கன்னு கேக்கோம். அந்தப் பதினொண்ணு கதைய எழுதுங்க. ரெண்டு பக்கம் போதும்."

இரண்டு பக்கத்தில் அடங்காது என்று இப்போதே தெரிகிறது. அதுவும் ஒரு கவலை.

பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். 1988இல் தியேட்டர் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். ஒரு வருடம் பயிற்சி. முதல் மூன்று மாதம் கத்தரிக்கோல்களையும் இடுக்கிகளையும் கழுவி, எண்ணி, அடுக்கினேன். அடுத்த மூன்று மாதம் அவற்றை வேறு வரிசையில் எண்ணி அடுக்கினேன். மீதி ஆறு மாதம் வாயைத் திறக்காமல் நிற்கப் பழகினேன். மற்றவர்களுக்குக் கடினமாக இருந்த முதல் பாதி எனக்கு விளையாட்டாக இருந்தது. இரண்டாவது பாதியில் நான் இன்றுவரை தேறவில்லை.

எண்ணுவது ஏன் முக்கியம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் இரத்தத்தை ஒற்றியெடுக்கப் பல மடிப்பாகத் தைத்த மல் துணிகளைப் பயன்படுத்துவோம். மாப் துணி என்று சொல்வோம். இரத்தத்தில் நனைந்தால் அதுவும் சதையும் ஒரே நிறம். ஒன்று உள்ளே தங்கிவிட்டால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒவ்வொரு துணியிலும் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி நீல இழை ஒன்று ஓடும். அதனால்தான் மூன்று முறை எண்ணுகிறோம்: கத்தி வைக்கும் முன் ஒரு முறை, வயிற்றை மூடும் முன் ஒரு முறை, தோலைத் தைக்கும் முன் ஒரு முறை. டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் எண்ணுவார். சுற்றி நின்று வேலை செய்கிற டெக்னீசியன் கூடவே எண்ணி, சுவரில் உள்ள பலகையில் எழுதுவார். நனைந்த துணிகளைத் தரையில் விரிப்பின் மேல் ஐந்தைந்தாகப் பரப்புவோம். இதுதான் புத்தகத்தில் உள்ள முறை.

புத்தகத்தில் இல்லாத முறை ஒன்று எங்கள் தியேட்டரில் இருந்தது. துணிகளைக் கட்டும் அறையிலிருந்து பத்துப் பத்தாகக் கட்டி, நீராவியில் வேகவைத்து அனுப்புவார்கள். பத்து என்று தெரிந்த கட்டை யாரும் பிரித்து எண்ணுவதில்லை. மூன்று கட்டு என்றால் பலகையில் 30.

நான் எண்ணுவேன். நர்ஸ் கட்டைப் பிரித்து மேசையில் வைக்கும்போது என் கண் தானாக எண்ணும்.

சர்ஜன் டாக்டர் ஜெயசிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கை. குடல்வாலை இருபத்திரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார். வேலை நன்றாகப் போனால் மூக்குக்குள் கோயில் பாட்டு ஒன்றை முனகுவார். பாட்டு நின்றால் நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். முழுக் கோபத்தில் சத்தமே வராது. முகமூடிக்கு மேலே இடது புருவம் மட்டும் உயரும். அந்தப் புருவத்தை நான் பதினான்கு வருடத்தில் ஒன்பது முறைதான் பார்த்திருந்தேன்.

அன்றைக்கு நோயாளி விக்கிரமசிங்கபுரத்துப் பேச்சியம்மாள், வயது ஐம்பத்திரண்டு, குடலில் அடைப்பு. நர்ஸ் சிஸ்டர் எஸ்தர் மூன்றாவது கட்டைப் பிரித்தபோது நான் எண்ணினேன். பதினொன்று.

"சிஸ்டர், இதுல பதினொண்ணு இருக்கு."

எஸ்தர் திரும்புவதற்குள் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "சங்கரலிங்கம், நான் வெட்ட வந்தேனா, எண்ண வந்தேனா?"

பலகையில் ஏற்கெனவே 30 எழுதியாயிற்று. நான் நோட்டில் 31 என்று எழுதி, நேரம் போட்டு, விளக்கைச் சரிசெய்யத் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் கட்டின் துணிகளை எஸ்தர் மேசையில் அடுக்கினார். மயக்க மருந்து கொடுக்க வந்திருந்த டாக்டர், மருந்து ஏற்ற நோயாளியின் கையைச் சின்னப் பலகை ஒன்றில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒரே நாளில் நான்கு மருத்துவமனைக்கு ஓடுகிறவர்; வேலை முடிந்த ஐந்தாம் நிமிடம் ஆளைப் பார்க்க முடியாது.

வயிற்றை மூடும் நேரம் எண்ணினோம். முப்பது. பலகையிலும் முப்பது. எல்லார் முகமும் தெளிந்தது, என் முகத்தைத் தவிர. அப்போதுதான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன்.

டாக்டர் கையை விட்டுத் தேடினார். மறுபடியும் தேடினார். பாட்டு நின்றிருந்தது. எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து படம் எடுத்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் அந்த அம்மா கூடுதலாக மயக்கத்தில் கிடந்தார். படத்தில் நீல இழை இல்லை. புருவம் உயர்ந்தது. பத்தாவது முறை.

எண்ணிக்கைத் தாளை நீட்டினார்கள். 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான், '31க்கு 30. ஒன்று காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தாளைக் கேஸ் ஷீட்டில் வைத்து, கேஸ் ஷீட்டை நோயாளியின் தள்ளுவண்டியில் கால்மாட்டில் வைத்தேன். உறையில் போட்டு வார்டு நர்ஸ் கையில் கொடுத்திருக்க வேண்டும். அது என் தப்பு. பேச்சியம்மாளின் மருமகன் பள்ளிக்கூட ஆசிரியர். எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க அவரால் முடியாது. சாயங்காலத்துக்குள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து இரண்டு வேனில் ஆள் வந்துவிட்டது. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரே சத்தம். ஸ்கேன் எடுத்துக் காட்டி, பேசி அனுப்ப இரண்டு நாளாயிற்று.

எனக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. நான்கு குற்றம்: பொய்யான பதிவு, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை, நோயாளியைக் கூடுதல் நேரம் மயக்கத்தில் வைக்கக் காரணமானது, இரகசியத்தை வெளியிட்டது. விசாரணை ஐம்பது நிமிடம். "பலகையில் முப்பது, மேசையில் முப்பது" என்றார் எஸ்தர். அவர் பொய் சொல்லவில்லை. மயக்க மருந்து டாக்டரை யாரும் கூப்பிடவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, பணிநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். ஓய்வு பெற ஒரு வருடம் ஏழு மாதம் இருந்தது. கடிதத்தின் கடைசி வரியில், முப்பது நாளுக்குள் அறக்கட்டளையின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம் என்று இருந்தது.

பணம் போனது வலித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னை அரித்தவை இரண்டு. 'எண்ணத் தெரியாதவன்' என்ற பெயரோடு அந்த வாசலை விட்டு இறங்குவது ஒன்று. ஸ்கேன் என்ன சொன்னாலும், பேச்சியம்மாளின் உடம்புக்குள் அந்தத் துணி இருக்குமோ என்ற பயம் இன்னொன்று.

வீட்டில் இருந்தேன். தட்டில் விழும் இட்லியை எண்ணினேன். மாடிப்படியை எண்ணினேன், பதினெட்டு, கட்டியவன் பத்தொன்பது என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறான். என் மனைவி சிவகாமி பத்து நாள் பொறுத்தாள்.

"ஏங்க, அடுக்களையில உள்ளதெல்லாம் எண்ணி முடிச்சாச்சா? முடிச்சாச்சுன்னா அந்த மனுவ எழுதுங்க."

எழுதினேன். பதினேழு பக்கம். அவள் படித்துவிட்டு, "இதப் படிக்கவங்க உங்கள வேலையில சேக்க மாட்டாங்க. பயந்துருவாங்க" என்றாள். ஒன்பது பக்கமாகக் குறைத்தேன். டிசம்பர் 6ஆம் தேதி பதிவுத் தபாலில் போனது. ஜனவரி 19 விசாரணை என்று பதில் வந்தது. என் பக்கம் சாட்சி என்று பார்த்தால் என் நோட்டு ஒன்றுதான்.

மாட்டுப் பொங்கலன்று காலை தங்கக்கனி வந்தாள். துணி கட்டும் அறையில் ஆகஸ்ட் மாதம் சேர்ந்தவள், திசையன்விளைக்காரி. கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இப்பிடி ஆயிட்டேன்னு மனசே கேக்கல. ஊர்லேருந்து அப்பா குடுத்துவிட்டாரு. இருபத்தஞ்சு இருக்கு. அவிச்சுத் தின்னுங்க."

அவளும் சிவகாமியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டைப் பிரித்தேன். வேறு என்ன செய்வேன்? எண்ணினேன். இருபத்தாறு. மறுபடியும் எண்ணினேன்.

"தங்கக்கனி, இருபத்தஞ்சுன்னு சொன்னியே?"

"ஆமா அண்ணாச்சி."

"இருபத்தாறுல்லா இருக்கு."

"இருபத்தஞ்சுதான். ஒண்ணு கொசுறு."

"கொசுறா?"

"கடைசிக் கட்டுல ஒண்ணு கூட வைக்கணும் அண்ணாச்சி. எங்க அப்பா நாப்பது வருசமா சந்தையில முருங்கைக்காய் விக்காரு, கிழங்கு விக்காரு. எண்ணுன கணக்குக்கே கட்டுனா யாவாரம் வெளங்காதும்பாரு. வாங்குதவன் மனசு நெறையாண்டாமா?"

என் கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தேன். கேட்பதற்கு வாய் வரவில்லை. கேட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று அதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். ஐந்து மாத வேலை, ஒப்பந்தக்காரி, ஒரு தாளில் அனுப்பிவிடுவார்கள். எழுந்து கொல்லைப்புறம் போனேன். நான் கேட்காததைச் சிவகாமி கேட்டாள்.

"ஏ பிள்ள, ஆஸ்பத்திரித் துணியையும் நீ இப்பிடித்தான் கட்டுதியா?"

"ஆமாக்கா. தெனமும் கடைசிக் கட்டுல ஒண்ணு கூட. ஆபரேசன் பண்ணுத எடம்லா, கொறையப்பிடாதுன்னு நெனச்சேன்."

சிவகாமி விஷயத்தைச் சொன்னாள். நான் கொல்லையில் தென்னையின் மட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு வரை எண்ணியபோது தங்கக்கனி பின்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அண்ணாச்சி, எங்கிட்ட நீங்க ஏன் கேக்கல?"

"உன் வேலைக்கு..."

"போனாப் போகுது. எங்க அப்பாட்ட முருங்கைக்காய் கட்டப் போறேன். கொசுறு வச்சது நானு, பழி சொமக்கது நீங்களா? நான் வாரேன். வந்து சொல்லுதேன்."

பதினொன்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. எங்கே போயிற்று என்று தெரிய வேண்டும். ஜனவரி 17 காலை விக்கிரமசிங்கபுரம் பஸ் ஏறினேன். பேச்சியம்மாள் எழுந்து நடமாடுகிறாரா, படுத்த படுக்கையா என்று வழியெல்லாம் பயம். மருமகன் இரண்டு வேன் ஆளைத் திரட்டியவர் என்ற பயம் வேறு.

பேச்சியம்மாள் வாசலில் நின்று ஒரு கறிகாய்க்காரனோடு கத்தரிக்காய் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. என்னை யார் என்று சொன்னேன்.

"நீங்கதானா எண்ணுத அண்ணாச்சி? உள்ள வாங்க. எங்க மருமவன் ஒங்களத் திட்டாத நாள் கிடையாது. பொறகு அவரே, அந்த மனுசன் எழுதாட்டா யாரு வே எழுதுவான்னும் சொல்லுவாரு."

"வயித்துல வலி ஏதும் இருக்கா?"

"வலியா? போன வாரம் பாபநாசம் போயி, படியெறங்கிக் குளிச்சிட்டு வந்தேன். மோர் குடிக்கியளா?"

அடுக்களையில் தயிர்ச் சட்டியின் வாயில் வேடு கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கெட்டியான மல் துணி. நான்கு பக்கமும் தையல். ஓரத்தில் நீல இழை.

நான் அந்த இழையை விரலால் தடவிப் பார்த்தேன்.

"இது எங்கன கிடைச்சுது?"

"ஆஸ்பத்திரியிலதான். மருந்து ஏத்தக் கையில பலகை வச்சுக் கட்டியிருந்தாகல்லா, அதுக்கு அடியில மணிக்கட்டுல குத்தாம இருக்க இத மடிச்சு வச்சிருந்தாக. கட்ட அவுத்த நர்ஸ் கீழ போட்டுட்டுப் போயிட்டா. நல்ல துணி, எதுக்குத் தூரப் போடணும்னு எடுத்து வச்சேன். கொதிக்கிற தண்ணியில போட்டு வெளுத்தாச்சு. தயிருக்கு இதப் போல துணி கிடையாது, ஒரு எறும்பு போகாது."

முப்பத்தொன்று. நான் அந்த அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் என்று எண்ணவில்லை. பேச்சியம்மாள் முதலில் மிரண்டு போனார்; விஷயத்தைச் சொன்னதும் அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதிய அண்ணாச்சி, தையல் போட்ட எடம்." எண்ணிக்கையில் நான் சரி, இடத்தில் தப்பு. துணி வயிற்றுக்குள் போகவே இல்லை.

துணியைக் கேட்டேன். தர மறுத்தார்.

"வெள்ளிக்கிழம நானே கொண்டுட்டு வாரேன். தயிரு எங்கூட்டுது, துணியும் எங்கூட்டுது. பஸ்ஸுக்கு மட்டும் நீங்க குடுத்திருங்க, எனக்கும் மருமவனுக்கும்."

மேல்முறையீட்டுக் குழுவின் தலைவி ஞானசௌந்தரி அம்மாள். பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. வந்து உட்கார்ந்ததும் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் தமக்கு நேராக வைப்பார். பேசுகிறவரைப் பார்க்கமாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் ஒரு சொல் தவறினாலும் தலை நிமிரும். என் ஒன்பது பக்கத்திலும் சிவப்பு மையால் ஓரக்குறிப்பு எழுதியிருந்தார். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியும் இருந்தார்.

நானும் தங்கக்கனியும் கொசுறைப் பற்றிச் சொன்னதும் நிர்வாக அதிகாரி சிரித்தார். "அம்மா, இது கதை. பத்துன்னு சொன்ன எடத்துல யாராவது பதினொண்ணு வைப்பாங்களா?"

தலைவி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "உங்க வீட்டுப் பக்கத்துக் கல்யாணத்துக்குப் போனா மொய் எவ்வளவு எழுதுவீங்க?"

"ஐநூத்தி ஒண்ணு."

"அந்த ஒண்ணு எதுக்கு?"

அதிகாரி தம் கோப்பைப் புரட்டினார். அந்த ஒன்று எதற்கு என்று எனக்கும் தெரியாது. என் வாழ்நாளெல்லாம் எழுதி வந்திருக்கிறேன்.

"கட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார் தலைவி. "இருக்கிற எல்லாத்தையும்."

இருபது கட்டுகள் வந்தன. தலைவியே பிரித்தார். "பரீட்சை விடைத்தாள் நாற்பது வருஷம் எண்ணியிருக்கேன். யாரும் உதவிக்கு வர வேண்டாம்." ஒன்று, பத்து. இரண்டு, பத்து. மூன்று, பத்து. ஏழாவது கட்டு வரை பத்துதான். அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தங்கக்கனி கதவோரம் நின்று உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினாள். எட்டாவது கட்டில் தலைவியின் விரல் ஒன்பது, பத்து என்று போய், நின்றது. இன்னொரு துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பதினொன்று."

இருபது கட்டில் மூன்று கட்டு அப்படி. பொங்கலுக்கு முன் தங்கக்கனி கட்டிய மூன்று நாளின் கடைசிக் கட்டுகள்.

சிஸ்டர் எஸ்தர் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "அம்மா, எனக்கே ரெண்டு மூணு தடவ மிச்சம் வந்திருக்கு. கொறஞ்சாத்தான் எழுதுவோம். மிச்சம் வந்தா ஓரமாப் போட்டுருவோம்."

"ஒரு நாள் மிச்சமும் வந்து, அதே நாள் ஒண்ணு உள்ளேயும் தங்கினா?" என்று கேட்டார் தலைவி.

பலகையில் முப்பது, மேசையில் முப்பது, வயிற்றில் ஒன்று. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் படம் தெரிந்தது. டாக்டர் ஜெயசிங் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு பேச்சியம்மாள் வந்தார். ஒரு தூக்குச் சட்டி நிறையத் தயிர். அதன் வாயில் வேடு கட்டிய துணி. தலைவியின் முன்னால் வைத்து அவிழ்த்தார். நீல இழையை எல்லாரும் பார்த்தார்கள். தலைவி அங்கேயே மயக்க மருந்து டாக்டருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமாங்கம்மா, சிஸ்டர் துணிய அடுக்கும்போது ஒண்ணு கீழ விழுந்துச்சு. தரையில பட்டத அவங்க எடுக்க மாட்டாங்கல்லா. பலகை குத்துதேன்னு எடுத்து மணிக்கட்டுக்கு வச்சேன். ஏன், ஏதும் பிரச்சினையா?"

"இல்லை. எண்பத்தெட்டு நாளா உங்களை யாரும் கேக்கலை, அதுதான் பிரச்சினை" என்று சொல்லிப் போனை வைத்தார்.

டாக்டர் ஜெயசிங் எழுந்தார். குரல் தாழ்ந்திருந்தது. இது கோபத்தின் தாழ்வு இல்லை என்பது பதினான்கு வருடம் கேட்டவனுக்குத் தெரியும். "அம்மா, அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன். வெட்ட வந்தேனா எண்ண வந்தேனான்னு. ரெண்டுக்கும்தான் வந்திருக்கணும். சங்கரலிங்கத்த என் தியேட்டருக்கே திரும்ப அனுப்புங்க."

நான்கு குற்றத்தில் மூன்று தள்ளுபடி. நான்காவதில், கேஸ் ஷீட்டை உறையில்லாமல் வைத்ததற்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தம். நியாயம். ஐம்பத்தாறு நாள் சம்பளம் திரும்பக் கிடைத்தது. தங்கக்கனியை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கக்கூடாது என்றும், இனி ஒவ்வொரு கட்டையும் பிரித்து எண்ண வேண்டும் என்றும், மிச்சத்தையும் எழுத வேண்டும் என்றும் தலைவி உத்தரவு எழுதினார். எழுதி முடித்து, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "தயிரை எங்களுக்கும் கொஞ்சம் தர முடியுமா?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டார். குழுவில் உள்ள ஐந்து பேரும் தம்ளரில் தயிர் சாப்பிட்டார்கள். நிர்வாக அதிகாரி இரண்டு முறை வாங்கினார்.

துணியைச் சான்றாகக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பேச்சியம்மாள் சம்மதிக்கவில்லை; நான் புதுத் துணி வாங்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே படியிறங்கினார்.

திங்கட்கிழமை தியேட்டருக்குப் போனேன். டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "எத்தனை, சங்கரலிங்கம்?"

"இன்னும் பிரிக்கல சார்."

"பையப் பைய எண்ணுங்க. நான் நிக்கேன்."

நின்றார். எஸ்தரும் நானும் வாய்விட்டு எண்ணினோம். முப்பது. அவர் முனகத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஐந்து மாதம் வேலை பார்த்து, மாலை போட்டு, வாசல்வரை எல்லாரும் வந்து அனுப்பிவைக்க ஓய்வு பெற்றேன். வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர்.

இந்த வழக்கில் எனக்கு ஆன செலவை நாற்பத்திரண்டாவது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மனு தட்டச்சு ரூ. 270. பதிவுத் தபால் 62. நகல் எடுத்தது 43. விக்கிரமசிங்கபுரம் போய்வர 56. பேச்சியம்மாளுக்கும் மருமகனுக்கும் பஸ் 112. பிடித்த ஒரு நாள் சம்பளம் 620. தயிர்ச் சட்டிக்கு மல் துணி 90. தியேட்டரில் எல்லாருக்கும் அல்வா 300. தங்கக்கனி மகள் காதுகுத்துக்கு மொய் 501. மொத்தம் இரண்டாயிரத்து ஐம்பத்து நான்கு ரூபாய். அதில் ஒரு ரூபாய் கொசுறு.